வள்ளல் அழகப்பரும் வானூர்தியும்

நம் இலக்கியங்களில் வானூர்திக்குப் பஞ்சமில்லை. ஓட்டுநர் இன்றித் தானே இயங்கும் வானூர்தியைப் புறநானூறு பேசுகிறது. கம்பன் புட்பக விமானத்தில் இராமனை அயோத்திக்கு அழைத்து வருகிறான். திருத்தக்கதேவரோ ஒரு படி மேலே சென்று, மயிற்பொறியை எப்படி இயக்க வேண்டும் என்றே சொல்லிவிடுகிறார். பொறியை வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். பட்டிமன்ற மேடைகளில் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, நம் முன்னோர் பறந்தனர் என்று மார்தட்டிக் கொள்வதில் நமக்குச் சலிப்பு ஏற்பட்டதே இல்லை. ஆனால் இதே செட்டிநாட்டு மண்ணில் பிறந்து, உள்ளபடியே வானூர்தி ஓட்டக் கற்று, அதற்குரிய சான்றிதழும் பெற்று, பிற்காலத்தில் ஒரு வானூர்தி நிறுவனத்தையே நடத்திய ஒருவரை அந்த வகையில் நாம் பாடியதாக எனக்கு நினைவில்லை. கோட்டையூர் இராம. அழகப்பச் செட்டியாரைத்தான் சொல்கிறேன்.

அவரைப் பாடாத கவியரங்கம் காரைக்குடிச் சீமையில் இல்லை. பாரி, காரி, ஓரி என்று வரிசை சொல்லி எட்டாவது வள்ளல் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அது தகுதியான புகழ்தான். ஆயினும் கொடுத்த கையை மட்டும் பாடிவிட்டு, அந்தக் கை வேறு எவற்றையெல்லாம் பற்றியிருந்தது என்பதை விட்டுவிட்டோம். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அந்தக் குறையைச் சிறிதளவேனும் நீக்க விரும்புகிறேன்.

இளையாத்தங்குடியில் இருந்து கொண்டு கோட்டையூர்க்காரரைப் பற்றி எழுதுவதற்கு உரிமை உண்டா என்று எவரும் கேட்கமாட்டார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் முதலாவதாக எண்ணப்படுவது நம் கயிலாசநாதர் கோயில். எந்தக் கோயிலைச் சேர்ந்த நகரத்தாராயினும், காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டி நாடு புகுந்த தம் முன்னோர் முதலில் குடியமர்ந்த இடம் இளையாத்தங்குடி என்றே மரபு சொல்வர். கடல்துறையிலிருந்து புறப்பட்டு, மழை குறைந்த செம்மண் பூமியில் வந்து குடியேறியவர்கள், மீண்டும் கடலைத்தான் நம்பினார்கள். கொண்டுவிற்கப் போதல் என்னும் சொல் நம் வீடுகளில் இன்றும் வழங்குகிறது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பி வந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் செல்லும் கப்பல் பயணம் ஒரு வாரத்தை விழுங்கிவிடும். தந்தையின் மறைவுச் செய்தி எட்டி மகன் ஊர் திரும்புவதற்குள் கருமாதி முடிந்திருக்கும். தொலைவு என்பது நம் மக்களுக்குப் பொருட்செலவாகவும் கண்ணீராகவும் இருந்தது. வானூர்தியின் மேல் ஒரு நகரத்தார் இளைஞருக்கு நாட்டம் பிறந்ததை விளையாட்டு ஆசை என்று மட்டும் என்னால் கருத முடியாமைக்கு இதுவே காரணம்.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கோட்டையூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகப் பிறந்தார். பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதக் கற்றால் போதும் என்று எண்ணிய காலம் அது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களைக் கப்பலேற்றி, வெளிநாட்டுக் கடையில் அடுத்தாள் வேலைக்கு அனுப்புவார்கள். அத்தகைய சூழலில் இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று 1930இல் முதுகலைப் பட்டம் பெற்றார். நகரத்தாருள் முதுகலைப் பட்டம் பெற்ற முதல்வர் இவரே என்பர். பொருளியலோ சட்டமோ அல்லாமல் இலக்கியத்தை அவர் தேர்ந்ததை நம் கவிஞர்கள் மனத்தில் குறித்துக் கொள்ள வேண்டும்.

பட்டம் பெற்றபின் இலண்டன் சென்றார். அங்கே சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். சட்டம் பயின்று 1933இல் பாரிஸ்டர் ஆனார். இவ்விரண்டும் குடும்பத்தார் ஒப்பக்கூடிய கல்விகளே. வட்டித்தொழில் செய்யும் குலத்துக்கு வங்கிமுறையும் வேண்டும், வழக்குமன்றமும் வேண்டும். ஆனால் அதே இலண்டன் வாழ்க்கையில் அவர் குராய்டன் வானூர்தி நிலையத்தில் வானூர்தி ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார்.

குராய்டன் என்பது அந்நாளில் இலண்டன் மாநகரின் வான்வாயில். இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்தியாவுக்கான தபால் சேவையைத் தொடங்கியது அங்கிருந்துதான். ஆனால் அது முழுதும் வான்வழிப் பயணம் அன்று. இடையில் இரயிலும் கடல்விமானமும் மாறி மாறி ஏறிக் கராச்சி வந்து சேர ஏழு நாட்கள் ஆயின. அதே ஆண்டு பிப்ரவரியில் பம்பாய் வானூர்திக் கழகத்தில் ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் வானோட்டி உரிமத்தைப் பெற்றிருந்தார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் அவர் கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் மூட்டையோடு ஒற்றை எஞ்சின் ஊர்தியை ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அதனைக் கொண்டு சேர்த்தார். இந்திய வான்வழிப் போக்குவரத்து பிறந்த கதை அது. அந்தக் கதை நடந்து கொண்டிருந்த ஆண்டுகளிலேயே நம் கோட்டையூர் இளைஞர் இலண்டனில் சுக்கான் பிடித்துக் கொண்டிருந்தார்.

அக்காலத்தில் பயிற்சிக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் இரட்டைச் சிறகு ஊர்திகள். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி அரக்குப் பூசியிருக்கும். மேலே கூரை கிடையாது. ஆசிரியர் முன்னிருக்கையிலும் மாணவர் பின்னிருக்கையிலும் அமர்வர். எஞ்சின் இரைச்சலில் பேச்சுக்குழாய் வழியாகத்தான் கட்டளை வரும். காலால் சுக்கானையும் கையால் கட்டுப்பாட்டுத் தண்டையும் இயக்க வேண்டும். வேகம் குறைந்தால் சிறகு காற்றைத் தாங்காது. மூக்கைத் தூக்கினால் உயரலாம் என்று பேராசைப்பட்டால் ஊர்தி சரிந்துவிடும். இதை முதன்முதல் தனியே செய்து பார்க்கும் நாளில் முன்னிருக்கை காலியாக இருக்கும். உதவிக்கு எவரும் இல்லை. கடன் கொடுக்குமுன் ஈட்டை ஒன்பது முறை பார்க்கும் மரபில் வந்தவர் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு வானேறினார் என்பதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நாடு திரும்பியவர் தொழிலில் இறங்கிய வேகம் அந்த மனநிலைக்குப் பொருத்தமாகவே அமைந்தது. 1937இல் கொச்சி அரசில் திருச்சூருக்கு அருகே நூற்பாலை தொடங்கினார். அந்த இடமே பின்னர் அழகப்ப நகர் எனப் பெயர் பெற்றது. மலாயாவில் இரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம், காப்புறுதி, பங்குச் சந்தை என்று பல துறைகளிலும் கால் வைத்தார். உறவினர் பலர் பர்மா நிலத்தில் முதலைப் புதைத்திருந்த காலம் அது. 1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் போகவே, கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கையில் வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் விரும்பிச் சேர்த்த சொத்தன்று அது. 1942இல் சப்பானியர் இரங்கூனைப் பிடித்தபோது அவ்வளவும் கைவிட்டுப் போயிற்று. காட்டுவழியே நடந்து வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிலத்தை நம்பியவர்கள் தோற்ற அதே தலைமுறையில் எந்திரத்தையும் கல்வியையும் நம்பியவர் அழகப்பர்.

தமிழுக்கு அவர் செய்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சித் துறை அமைய ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்தார். 1944இல் அத்துறைக்குத் தலைமையேற்றவர் மு. இராகவையங்கார், அவருக்குப் பின் வந்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. இவ்விருவரின் பெயரும் ஒரு கொடையின் நிழலில் அடுத்தடுத்து வருவதே அக்கொடைக்குப் போதிய புகழ். அதே 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் அவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி கிண்டியில் தொடங்கியது. வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் அங்கே முதலில் கற்பிக்கப்பட்டன. நெசவாலை நடத்துபவர் நெசவுப் படிப்புக்குப் பணம் கொடுப்பதில் வியப்பில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் படிப்பை முடித்து வெளியேறியவர்கள் பிறருடைய ஆலைகளுக்கும் சென்றார்கள் என்பதே அதற்கு விடை.

இரண்டாம் உலகப்போர் செட்டிநாட்டுக்கும் ஓர் ஓடுதளத்தைக் கொண்டு வந்தது. கானாடுகாத்தான் பக்கத்தில், இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் பரப்பில், போர் விமானங்களுக்காக ஆங்கில அரசு அதனை அமைத்தது. போர் முடிந்ததும் நாடெங்கும் இத்தகைய ஓடுதளங்களும், உபரியாகிப்போன டகோட்டா விமானங்களும் எஞ்சின. டகோட்டாவை இன்றைய இளைஞர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1200 குதிரைத்திறன். சிறகின் அகலம் 95 அடி. இருபத்தொன்று முதல் இருபத்தெட்டுப் பேர் வரை அமரலாம். 1935இல் முதன்முதல் பறந்த இந்த வகை ஊர்தியைப் போர்க்காலத்தில் பதினாயிரத்துக்கு மேல் கட்டித் தள்ளினார்கள். வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை மேலே தூக்கி நிற்கும். கரடுமுரடான தளத்திலும் இறங்கும். போர்முனைக்குச் சாமான் ஏற்றிய ஊர்தியை வாங்கி, பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் பழுது பார்த்து, இருக்கை பொருத்தினால் பயணிகள் விமானம் தயார். அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தவர் வால்சந்து ஹீராசந்து. அதுவும் போரின் பிள்ளைதான்.

1940களின் பிற்பாதியில் அழகப்பர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஜூபிடர் ஏர்வேஸ். எட்டு டகோட்டாக்கள் அதற்கு இருந்தன. சென்னையையும் தில்லியையும் வான்வழியால் இணைக்க அது முயன்றது. ஜூபிடர் என்றால் நம் வழக்கில் வியாழன், குரு. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். இந்தக் குருவின் பார்வை நெடுநாள் நீடிக்கவில்லை. 1949ஆம் ஆண்டில் நிறுவனம் நின்று போயிற்று.

இந்த இடத்தில்தான் நம் புகழ்மாலைக்காரர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். தோல்வியைச் சொன்னால் வள்ளலின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். ஏன் தோற்றது என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் நியாயம் என்பது என் கருத்து. 1946இல் வான்வழிப் போக்குவரத்து உரிம வாரியம் அமைந்தபின், கேட்டவர்க்கெல்லாம் இல்லை என்னாமல் உரிமம் வழங்கப்பட்டது. உபரி விமானம் மலிவாகக் கிடைத்ததால் முதல் போடுவது எளிதாயிற்று; நடத்துவது எளிதாகவில்லை. பெட்ரோல் விலை அதிகம், அதன்மேல் வரி. வானில் பறக்கப் பணம் கொடுக்கக்கூடிய பயணிகளோ மிகக் குறைவு. அவர்களைப் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் பங்கு போட்டுக் கொண்டன. இத்தனை நிறுவனங்களை இந்நாடு தாங்காது என்று டாட்டா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஜூபிடர் வீழ்ந்த அதே காலத்தில் அம்பிகா ஏர்லைன்சும் வீழ்ந்தது. 1950இல் நீதிபதி இராஜாத்யக்ஷா தலைமையிலான விசாரணைக் குழு, நிறுவனங்கள் மிகுதியாகப் பெருகியதையே முதன்மையான குறையாகக் கண்டது. எஞ்சியிருந்த எட்டு நிறுவனங்களை 1953 ஆகஸ்டு முதல் நாள் அரசே எடுத்துக்கொண்டு, உள்நாட்டுச் சேவைக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் அமைத்தது. ஜூபிடர் இன்னும் நான்காண்டு இழுத்துப் பறித்து நின்றிருந்தால்கூட அதன் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். அழகப்பரின் கணக்கில் பிழை இல்லை என்று நான் வாதிடவில்லை. டாட்டாவுக்கு இருந்த பொறுமையும் பதினைந்தாண்டு அனுபவமும் இவருக்கு இல்லை. பல குதிரைகளில் ஒரே நேரத்தில் ஏறியவர் இவர். ஆனால் வடக்கே பம்பாயும் தில்லியும் கல்கத்தாவும் தமக்குள் வகுத்துக் கொண்ட ஒரு துறையில், சென்னையைத் தலைமையிடமாக எண்ணி நுழைந்த துணிவு அவருடையது.

அதே ஆண்டுகளில் அவர் தரையில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை நேராகும். 1947 சூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னிபெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று வேண்டினார். அழகப்பர் அங்கேயே எழுந்து ஓர் இலட்சம் ரூபாய் அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்பட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைத்த ஓடுதளத்தில் ஊர்தியை இறக்கிவிடும் பழக்கம் அவருக்கு அங்கேயும் கைகொடுத்தது.

அடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம். விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை அமைத்துக் கொண்டிருந்த நேரம். தலைநகரங்களும் துறைமுக நகரங்களும் அவற்றுக்காகப் போட்டியிட்டன. காரைக்குடியில் அப்போது என்ன இருந்தது? பொட்டலும் செம்மண்ணும் முள்ளும். அந்தப் பொட்டலில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தருவதாக அழகப்பர் முன்வந்தார். 1948 சூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் நாளில், அதாவது சனவரி 14ஆம் நாள், குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார். அரிப்புத் தடுப்பு, மின்கலம், மின்முலாம், மின்னாற்பகுப்பால் உலோகம் பிரித்தல் ஆகியவை அங்கே ஆராயப்படும் துறைகள். வானூர்தியின் உடலாகிய அலுமினியம் மின்னாற்பகுப்பால்தான் மண்ணிலிருந்து பிரிகிறது. அதன்மேல் உப்புக்காற்று பட்டு அரிக்காமல் காப்பதும் மின்வேதியியலே. அழகப்பர் இந்தத் தொடர்பை எண்ணித்தான் கொடுத்தார் என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. ஆனால் வானூர்தி எந்தப் பொருளால் ஆனது என்பதை உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம், அந்த ஆய்வு எதற்கு என்று விளக்கத் தேவையிருந்திருக்காது.

1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியற் கல்லூரி, 1956இல் பலதொழிற் பயிலகம் என்று அடுக்கடுக்காக வந்தன. விமானங்கள் போனபின் வந்தவை இவை. வருவாய் சுருங்கிய காலத்தில் கொடை பெருகியது. தாம் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கென்று கொடுத்தார். முதலாளிகளுக்குள் அவர் ஒரு சமதர்மவாதி என்று நேரு பாராட்டியதுண்டு. ஆங்கில அரசு முன்பே கொடுத்திருந்த சர் பட்டத்தைக் காட்டிலும் அதுவே அவருக்கு உவப்பாக இருந்திருக்கும்.

இனி, நாம் பெரும்பாலும் வாய்திறவாத ஒன்று. அழகப்பர் தொழுநோயால் வருந்தியவர். நம் சமூகம் அந்நோயாளியைத் தெருக்கோடியில் நிறுத்திய காலம் அது. இளமையிலும் நடுவயதிலும் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை, நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழிச் செலுத்தும் வேதனைக்கு அப்பால் அதிகம் இல்லை. பயன்தரும் மருந்துகள் 1940களின் இறுதியில்தான் பரவலாயின. அந்நோய் முதலில் தாக்குவது நரம்பை. விரல் நுனி உணர்வை இழக்கும். கட்டுப்பாட்டுத் தண்டின் அதிர்வை விரலால் அறிந்து பறந்த ஒருவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விரித்து எழுதப் போவதில்லை. அந்த உடம்போடுதான் அவர் நிறுவனம் நடத்தினார், நிலம் அளந்து கொடுத்தார், கல்லூரி கட்டினார். இதை மறைப்பதுதான் மரியாதை என்று கருதுவோரோடு நான் உடன்படவில்லை. நோயைச் சொல்லாமல் கொடையை மட்டும் பாடினால், எல்லாம் நிரம்பிய ஒருவர் மிஞ்சியதை எடுத்துக் கொடுத்தார் என்று ஆகிவிடுகிறது.

வானம் நம் சீமைக்கு மற்றொரு விலையும் கேட்டது. அழகப்பருக்கு ஓராண்டு மூத்தவர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தவர். 1954 மார்ச்சு 13ஆம் நாள் சிங்கப்பூர்க் காலாங் நிலையத்தில் இறங்கிய விமானம் ஓடுதளத்தின் முனையிலிருந்த கடற்சுவரில் மோதித் தீப்பற்றியது. இறந்த 33 பேருள் அவரும் ஒருவர். கொண்டுவிற்கப் போனவர்களைக் கடல் கொண்டதைப் பாடிய நம் மரபில், வானம் கொண்ட முதல் பெருவணிகர்களுள் அவரை வைக்க வேண்டும். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

அழகப்பர் 1957 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னை வேப்பேரியில் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். இலண்டனிலிருந்து திரும்பியதற்கும் மறைவுக்கும் இடையே அவருக்குக் கிடைத்த ஆண்டுகள் ஏறத்தாழ இருபத்து நான்குதான். அவர் தொடங்கிய கல்வி நிறுவனங்களின் பரப்பில் 1985ஆம் ஆண்டு அவர் பெயராலேயே பல்கலைக்கழகம் எழுந்தது.

சிந்தாமணியில் விசயையின் மயிற்பொறி சுடுகாட்டில்தான் இறங்குகிறது. சீவகன் பிறப்பதும் அங்கேதான். ஊர்தியைப் பற்றிப் பிறகு காப்பியம் கவலைப்படவில்லை. ஜூபிடரின் எட்டு டகோட்டாக்களைப் பற்றியும் நம் ஊரில் இன்று எவரும் கேட்பதில்லை. கானாடுகாத்தான் பக்கம் போகிறவர்கள், போர்க்காலத்து ஓடுதளம் புல்லும் முள்ளுமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒரு மாலையில் அங்கே சென்று வரவேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுத்த கவியரங்குக்கு முன்பாவது போய்வருவோம்.